வாசகர் கேள்வி: நீளமாகப் படிக்க எதை எடுப்பது?

கே: செல்போனில் நாலு வரிச் செய்தியாகவே படித்துப் பழகிவிட்டது. சமூகம், பண்பாடு பற்றி நின்று நிதானமாக எழுதிய செய்திக் கட்டுரைகளும் சொந்த அனுபவக் கட்டுரைகளும் படிக்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?
– கல்லூரி மாணவி, குடியாத்தம்

ப: பாலாற்றில் ஆரம்பியுங்கள், அம்மா. தோல் பதனிடும் ஆலைகளின் (டேனரிகளின்) கழிவு ஆற்றையும் நிலத்தையும் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த பொதுநல வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இணையத்தில் முழுசாகக் கிடைக்கிறது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளுக்காகச் சட்டம் படிப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். நான் படிக்கச் சொல்வது கிணறுகளுக்காக. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, டேனரிகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ் என்று அதில் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்றும் வருகிறது. ராணிப்பேட்டைப் பக்கம் என் அத்தை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவே வேகாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு பருப்பாகவே கிடக்கும். சமையலுக்கென்று தனியாக ஒரு குடம் எங்கிருந்தோ சுமந்து வருவார். அந்த 350 என்ற எண்ணைப் படித்தபோது அத்தையின் அடுப்படிதான் எனக்குக் கண்ணில் நின்றது. உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட எழுத்து என்றால் இருபது பக்கமும் கனக்காது.

அடுத்தது பத்திரிகையாளர் பி. சாய்நாத். 1990-களின் தொடக்கத்தில் நாட்டின் மிக ஏழை மாவட்டங்களில் சுற்றி எழுதினார். நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு. அந்தக் கட்டுரைகள் 1996-ல் புத்தகமாயின, தமிழிலும் வந்திருக்கிறது. அதில் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்ற கதையை முதலில் படியுங்கள். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக் கொடுத்த காலம். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊரை வலம் வந்தார்கள். தண்ணீர் எடுக்கப் போக, சரக்கு கொண்டுபோக, யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்ப ஒரு வண்டி கைக்கு வந்தால் வீட்டில் என்னென்ன மாறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் 2014 டிசம்பரில் தொடங்கிய 'பாரி' இணைய ஆவணகத்தில் இந்த மாதிரிக் கட்டுரைகளைத் தமிழிலேயே காசில்லாமல் படிக்கலாம்.

மூன்றாவது, அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா'. 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழ் முழுவதையும் அந்த ஒரே கட்டுரைக்குக் கொடுத்தார்கள். அந்த ஜப்பானிய நகரத்தில் அணுகுண்டு விழுந்தும் உயிர் தப்பிய ஆறு பேர்: இரண்டு மருத்துவர்கள், இரண்டு மதபோதகர்கள், தையல்காரரின் விதவை, தொழிற்சாலை எழுத்தர் ஒரு பெண். குண்டு வெடிக்கும் கணத்தில் அந்த எழுத்தர் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் பேசத் தலையைத் திருப்புகிறார். அங்கேதான் கட்டுரை தொடங்குகிறது. விமானமோ அரசியலோ முன்னால் வருவதில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து ஹெர்சி மறுபடி அந்த ஆறு பேரின் கதையைத் தேடிப் போனது. அவர்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று 1985-ல் எழுதிச் சேர்த்தார். எந்தக் கட்டுரையைப் படித்தாலும் இதைப் பாருங்கள்: எழுதியவர் ஒருமுறை போனாரா, திரும்பவும் போனாரா? முதல் தடவை வருகிறவரிடம் ஜனங்கள் விருந்தாளிப் பேச்சுதான் பேசுவார்கள்.

கே: தன்னைப் பற்றியே எழுதுவது தற்பெருமை ஆகாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு

ப: எழுதுகிறவர் எதைச் சொல்லத் துணிகிறார் என்பதைப் பொறுத்தது ஐயா. பெருமாள்முருகன் தொகுத்த 'சாதியும் நானும்' படித்துப் பாருங்கள். 32 பேர், தங்கள் வாழ்க்கையில் சாதி எங்கே வந்து நின்றது என்று அவரவர் வாயால் சொல்கிறார்கள். பட்டவர்கள் மட்டுமல்ல, சாதியின் சலுகையில் வளர்ந்தவர்களும் எழுதியிருப்பதுதான் அந்தத் தொகுப்பின் பலம்.

கே: ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. அம்மா பேரணாம்பட்டில் பீடி சுற்றி எங்களைப் படிக்க வைத்தார். அதை எழுத நினைக்கிறேன், 'தியாகம்' என்ற வார்த்தையைத் தாண்டி ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.
– வாசகி, ஆம்பூர்

ப: தியாகத்தை விட்டுவிடுங்கள் தங்கச்சி, முறத்தை எழுதுங்கள். இலையை ராத்திரி ஊறவைத்தது யார்? ஈரச் சாக்கில் சுற்றி எங்கே வைத்தீர்கள்? முறத்தை மடியில் வைத்து, இலையை அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கிவிடும் கை எப்படிப் போகும்? ஆயிரத்துக்கு அன்று என்ன கூலி, கழிவு என்று எத்தனை தள்ளினார்கள், அந்தத் தள்ளிய பீடி யாரிடம் போனது? சாயந்திரம் கட்டு குறைந்தால் பள்ளிக்கூடம் விட்டு வந்து நீங்களும் உட்கார்ந்தீர்களா? இதையெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், ஒரே நாளில் கேட்டு முடிக்காதீர்கள். எழுதியதை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கூலிக் கணக்கில் தப்பு இருந்தால் அவரே திருத்துவார். பெயர் போடலாமா என்றும் அப்போதே கேட்டுவிட்டு எங்களுக்கு அனுப்புங்கள். நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.