தலையை ஆட்டாதீர்கள் தம்பி, புரியவில்லை என்று சொல்லுங்கள்

தம்பி, கோலாலம்பூருக்குக் கட்டட வேலைக்கு வருகிறேன், தங்குமிடம், சாப்பாடு, சம்பளம் எப்படி, மலாய் தெரியாமல் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. தங்குவது பெரும்பாலும் சைட்டை ஒட்டிய கொங்சியில், அதாவது தொழிலாளர் கொட்டகையில். குறைந்தபட்சச் சம்பளம் சட்டப்படி மாதம் 1,700 வெள்ளி, ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்றுதான் சொல்வோம். மற்றதை வந்து பார்த்துக்கொள்ளலாம், கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

"அங்கே எல்லாரும் தமிழ் பேசுவாங்க" என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். 2008-ல் என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். நம்மவர்கள் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் பேசுவார்கள், மஸ்ஜித் இந்தியாவில் பேசுவார்கள். பன்னிரண்டாவது மாடியில் உங்கள் பக்கத்தில் நிற்பவர் வங்காளதேசத்துக்காரர், கிரேனில் இந்தோனேசியர், கீழிருந்து கத்துகிற ஃபோர்மேன் சீனர். எல்லாருக்கும் பொது மொழி அரைகுறை மலாய்.

நான் வந்து மூன்றாவது மாதம், செராஸ் பக்கம் ஒரு சைட், சென்ட்ரிங் முட்டுக் கழற்றும் வேலை. ஃபோர்மேன் தூரத்திலிருந்து "ஜாங்கான் புக்கா டுலு" என்றார். இப்போதைக்குக் கழற்றாதே என்று அர்த்தம். எனக்குத் தெரிந்தது 'புக்கா' மட்டும்தான், கழற்று. தமிழில் 'கழற்றாதே' என்று மறுப்பு கடைசியில் வரும். மலாயில் 'ஜாங்கான்' முதலிலேயே வந்துவிடும், கான்கிரீட் மிக்சர் இரைச்சலில் அது காதில் விழாமல் போனால் மிஞ்சுவது நேர் எதிரான உத்தரவு. நான் தலையை ஆட்டினேன், அவரும் புரிந்துவிட்டது என்று போய்விட்டார். இரண்டு ஜாக்கியைத் தளர்த்தினேன், பலகை சரிந்து புதுக்கோட்டை நண்பன் ஒருவனின் கால் முறிந்தது. நாலு மாதம் படுக்கை. காரணம் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். நான் கவனமாகத்தான் இருந்தேன் தம்பி, கவனமாகத் தப்பான வேலையைச் செய்தேன். உத்தரவு எந்த மொழியில் போனது, கேட்டவனுக்கு அந்த மொழி தெரியுமா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.

அதனால், சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டாமல் கையை வைக்காதீர்கள். 'ஃபாஹாம்' என்றால் புரிந்தது, புரியாமல் அதைச் சொல்லவே சொல்லாதீர்கள். நம் ஊர்ப் பக்கவாட்டுத் தலையாட்டல் நமக்குச் சரி, பார்க்கிற சீனருக்கு அது 'இல்லை' மாதிரி இருக்கும். கிரேனுக்குச் சைகை காட்டுபவர் ஒருவர்தான், ஆனால் 'நிறுத்து' சைகையை யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்த வேண்டும், அதை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். சைட்டில் வேலை செய்யத் தேவையான, கட்டுமானத் துறை வாரியமான சிஐடிபி தரும் பச்சை அட்டைக்கான பாதுகாப்பு வகுப்பில் புரியாவிட்டால் கையைத் தூக்குங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்து, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமை 2024 ஜூன் முதல் சட்டத்திலேயே இருக்கிறது. அடிபட்டால் 2019-லிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்பீடு உண்டு, என் நண்பனுக்கு அது இல்லை.

நம்மாட்கள் சிலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து வருடம் இருந்து மலாய் கற்றவர்கள் புதுப் பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லித்தர மாட்டார்கள், அவர்கள் வழியாகவே எல்லாம் போக வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தோனேசியாவின் லொம்போக் தீவுக்காரர் ஒருவர். அந்த விபத்துக்குப் பிறகு தினம் ராத்திரி கொங்சியில் பிளைவுட் பலகையில் கரித்துண்டால் படம் போடுவார், ஏணியில் ஏறுகிறவன் 'நாயிக்', இறங்குகிறவன் 'துருன்', மண்டை ஓடு 'பஹாயா'. நான் தமிழில் சொல்ல, அவரும் கற்றுக்கொண்டார். ஒரு மாதத்தில் சைட்டில் என்னைப் பார்த்தால் தூரத்திலிருந்தே "கழற்றாதே!" என்று கத்துவார்.