யானை ஏன் வெடித்தது? சூளை இல்லாத பள்ளியில் சுடுமண் கலை

கேள்வி: மகள் சிபிஎஸ்இ பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். சிற்பப் பாடம் எடுத்திருக்கிறாள், பிறகு செராமிக்ஸ், அதாவது மட்பாண்ட, பீங்கான் கலை படிக்க ஆசை. பள்ளியில் சூளை கிடையாது. ஆன்லைனில் ஸ்டோன்வேர் மண் வாங்கி ஒரு யானையும் ஒரு குவளையும் செய்தாள். பக்கத்து ஊர்க் குயவரிடம் கொடுத்துச் சுட்டோம். யானை வெடித்துச் சிதறிவிட்டது. குவளையின் அடியில் விரிசல். சாவியால் கீறினால் மாவாக உதிர்கிறது. தவறு எங்கே? சூளையே இல்லாமல் இந்தப் பாடத்தில் தேற முடியுமா?

பதில்: தேற முடியும். சிபிஎஸ்இ கவின்கலைப் பாடங்களில் செராமிக்ஸ் என்று தனிப் பாடம் இல்லை. ஓவியம், கிராஃபிக்ஸ், சிற்பம், வணிகக் கலை என்ற நான்கில் ஒன்றைத்தான் எடுக்கலாம். மண்ணோடு நேரடியாகப் பழகும் பாடம் சிற்பம்தான், ஆகவே தேர்வு சரி. தியரிக்கு 30, செய்முறைக்கு 70 மதிப்பெண். அந்த 70இல் புடைப்புச் சிற்பம் (பலகைமேல் மேடாகத் தெரியும் உருவம்), முழு உருவச் சிற்பம், போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) மூன்றும் அடங்கும். உருவத்தைச் சுட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை; புடைப்பைக் களிமண்ணில் செய்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தாலும் போதும். சுடுவது மகளின் அடுத்த கட்டப் படிப்புக்காக. அதனால் அவசரம் வேண்டாம்.

இப்போது யானை. நடந்த தவறுகளில் முதன்மையானது, மண்ணை முதலில் வாங்கிவிட்டுச் சூளையைப் பிறகு தேடியது. வரிசை தலைகீழாக இருக்கவேண்டும். ஸ்டோன்வேர் மண் முழுதாக இறுகுவதற்கு 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். விறகும் வைக்கோலும் வறட்டியும் போட்டு எரிக்கும் ஊர்ச் சூளை பொதுவாக 700 முதல் 900 டிகிரிக்குள் நிற்கும். ஊர் மண்ணில் இரும்புச் சத்து அதிகம், அதனால் அந்தச் சூட்டிலேயே அது கட்டிப்படும். ஸ்டோன்வேர் படாது. குவளை மாவாக உதிர்வதற்குக் காரணம் அதுதான். குயவர் மேல் குற்றமில்லை. பெரிதாக விரிசல் விடாத துண்டாக இருந்தால், அதையே மின்சூளையில் மீண்டும் உயர்சூட்டில் சுட்டு இறுக வைக்கலாம்.

வெடிப்புக்குக் காரணம் ஈரம். ‘உள்ளே காற்றுக் குமிழி இருந்திருக்கும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். வெறும் காற்று உருவத்தை வெடிக்க வைக்காது. 100 டிகிரியில் நீர் ஆவியாகும்போது பல நூறு மடங்கு விரியும். வெளியேற வழி கிடைக்காவிட்டால் சுவரைப் பிளந்துகொண்டு வரும். யானையின் வயிறு தடித்த திடமான கட்டியாக இருந்திருக்கும். மேல்தோல் காய்ந்து வெளுத்திருந்தாலும் நடுவில் ஈரம் வாரக்கணக்கில் தங்கும். போதாக்குறைக்கு, திறந்த சூளையில் வெப்பம் மிக வேகமாக ஏறும்.

இதற்கு மருந்து மூன்று. உருவம் பாதி காய்ந்து, விரலால் அழுத்தினால் லேசாகத் தடம் விழும் பதத்தில் கம்பியால் இரண்டாக அறுத்து, உட்புறத்தைக் கரண்டியால் குடைந்து, சுவரை 8 முதல் 10 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அறுத்த விளிம்புகளைக் கீறி, அதே மண்ணைக் குழைத்த கூழைத் தடவி ஒட்டவேண்டும். வேறு மண்ணின் கூழ் வேறு அளவில் சுருங்கும், ஒட்டு விட்டுப்போகும். அடிவயிற்றில் பென்சில் நுனி அளவு துளை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அடுத்தது, மண்ணில் சுட்ட மண்தூளையோ கரடுமணலையோ 10 முதல் 20 சதவீதம் வரை கலப்பது. புதுக்கோட்டை வட்டாரத்து அய்யனார் கோயில் குதிரைகள் ஆளுயரத்துக்கும் மேல் நிற்பவை. வேளார்கள் எனப்படும் குயவர்கள் அவற்றை உள்ளே வெற்றிடம் விட்டு, மணலும் உமியும் கலந்த மண்ணில் கட்டி எழுப்புகிறார்கள். அந்தக் கரடுதான் ஈரம் வெளியேற வழி விடுகிறது. மூன்றாவது, நன்றாக உலர்த்துவது. காய்ந்த உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. சுடும் நாளன்று 80, 90 டிகிரியில் சில மணி நேரம் வைத்திருந்து, பிறகே வெப்பத்தை ஏற்றவேண்டும். ஊர்ச் சூளையில் இது கைவராது என்பதால், சிறு நெருப்பை முதலில் சூளையின் வாயிலில் மட்டும் மூட்டி உருவங்களை வெதுவெதுப்பாக்கும்படி குயவரிடம் கேட்டுக்கொள்ளலாம். அவருக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும்.

குவளையின் அடி விரிசல் வேறு கதை. அது எப்போது வந்தது என்பதை விரிசலே சொல்லும். ஓரத்தில் அகன்று உள்ளே குறுகினால், காயும்போது வந்தது. மயிர்க்கோடு போல மெல்லியதாக, கூர்மையான விளிம்புகளோடு இருந்தால், சூளை ஆறும்போது வந்தது. மண்ணில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென அளவு மாறும், அதனால் அந்த எல்லையை ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகக் கடக்கவேண்டும். சூளையை ஆவலோடு சூடாகவே திறப்பது பலரும் செய்யும் பிழை. 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை பொறுக்கவேண்டும். உங்கள் மகளுடையது பெரும்பாலும் முதல் வகை. விளிம்பு காற்றில் காய்ந்து சுருங்கியிருக்கும், அடி பலகையில் ஒட்டிக்கொண்டு ஈரமாகவே கிடந்திருக்கும். பலகைக்கும் குவளைக்கும் நடுவே செய்தித்தாளைப் போடுங்கள். பாதி காய்ந்ததும் தலைகீழாகக் கவிழ்த்து, பிளாஸ்டிக் உறையால் லேசாக மூடி, நாலைந்து நாள் மெதுவாக உலர விடுங்கள். சக்கரத்தில் வனைந்ததாக இருந்தால் இன்னொரு காரணமும் சேரும்: அடியை விரலால் அழுத்தி இறுக்காமலும், தேங்கிய நீரைப் பஞ்சால் (ஸ்பாஞ்ச்) எடுக்காமலும் விட்டால் ‘எஸ்’ வடிவில் பிளக்கும்.

ஊர்ச் சூளைதான் கிடைக்கும் என்றால் ஊர் மண்ணையே எடுங்கள். குளத்து மண்ணை ஈரமாக ஊறவைக்காதீர்கள். முழுதாகக் காயவைத்துப் பொடித்துப் பிறகு நீரில் போட்டால்தான் நன்றாகக் கரையும். சல்லடையில் வடிகட்டி, துணியில் கட்டித் தொங்கவிட்டு, பிசையும் பதம் வந்ததும் இரண்டு வாரம் மூடி வையுங்கள். பென்சில் தடிமனுக்கு உருட்டி விரலைச் சுற்றிப் பாருங்கள்: வெடித்தால் பசை குறைவு. ஒரு துளி வினிகர் விட்டால் நுரைக்கிறதா என்பதும் முக்கியம். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. கிளிஞ்சல் துண்டு ஒன்று உள்ளே இருந்தால்கூட, சுட்டுப் பல நாள் கழித்து ஈரத்தை இழுத்து உப்பி, மேல்தோலைச் சில்லாகத் தள்ளிவிடும். பிளாஸ்டர் துணுக்கும் இதே வேலையைச் செய்யும். அதனால் வார்ப்பு வேலைக்கும் சுடும் வேலைக்கும் மேசை, பாத்திரம், பஞ்சு எல்லாம் தனித்தனி.

எந்த மண் வந்தாலும் முதலில் ஒரு சோதனைத் துண்டு. 12 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமனில் பட்டை தட்டி, அதில் சரியாக 10 செ.மீ. கோடு கீறுங்கள். காய்ந்ததும் ஒரு தடவை, சுட்டதும் ஒரு தடவை அளந்தால் சுருக்கம் கிடைத்துவிடும்: 9.4 என்றால் 6 சதவீதம், 8.8 என்றால் 12. இந்தத் துண்டுகளைத் தேதி எழுதி வைத்தால், அதுவே போர்ட்ஃபோலியோவின் நல்ல பக்கங்களில் ஒன்று.

மின்சூளை உள்ள ஸ்டூடியோ கிடைத்தால், முதல் சூட்டுக்கு 950 முதல் 1000 டிகிரி. 120 டிகிரி வரை மணிக்கு 50 டிகிரி, பிறகு 600 வரை மணிக்கு 100, அதற்கு மேல் 150 என்ற வேகம் பள்ளி மாணவியின் வேலைக்குப் பாதுகாப்பானது. கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூசும்போது அடியில் 3 மில்லிமீட்டர் வெறுமையாக விடவேண்டும், இல்லையென்றால் உருகிச் சூளைத் தட்டில் ஒட்டும். தூசியோ கை எண்ணெயோ இருந்தால் கிளேஸ் சுருண்டு விலகும். முன்னதாக ஈரப் பஞ்சால் துடையுங்கள். உணவு வைக்கும் பாத்திரத்துக்கு ஈயம் கலவாத கிளேஸ் மட்டுமே. ஊர்ச் சூளையில் கிளேஸ் சரிவராது. அதற்கு மாற்றாகக் காவி மண் கூழைத் தடவி, பாதி காய்ந்த பதத்தில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றலாம். சுட்ட பிறகு எனாமல் பெயின்ட் அடிப்பது மட்டும் வேண்டாம்; மண்ணின் தன்மை முழுவதையும் அது மறைத்துவிடும். வீட்டு ஓவன், கேஸ் அடுப்பு எதிலும் மண்ணைச் சுட முயலாதீர்கள். அந்த வெப்பம் போதாது, ஈரம் இருந்தால் வெடிக்கவும் செய்யும்.

காய்ந்த உருவத்தை உப்புத்தாளால் தேய்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். களிமண் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது, நெடுநாள் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். ஈரப் பஞ்சால் தேய்ப்பதும், தரையை ஈரத் துணியால் துடைப்பதும் போதும். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம்.

போர்ட்ஃபோலியோவில் முடிந்த பொருள்களின் பளபளப்பான படங்களை மட்டும் அடுக்காமல், வரைவுகள், அடியும் உட்புறமும் தெரியும் படங்கள், வெடித்த யானையின் சில்லுகள், ஏன் வெடித்தது என்ற நான்கு வரிக் குறிப்பு எல்லாம் சேரட்டும். தியரியையும் இதோடு இணைக்கலாம்: பதினொன்றாம் வகுப்பில் வரும் மொகஞ்சதாரோ வண்ணப் பானையையும் சுடுமண் தாய்த் தெய்வத்தையும், மண்ணில் எப்படிச் செய்திருப்பார்கள் என்ற கண்ணோடு படித்தால் மறக்காது.

மேற்படிப்புக்கு, 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் செராமிக் பிரிவு உண்டு. அகமதாபாத் என்ஐடியில் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) செராமிக், கண்ணாடி வடிவமைப்புக்கு இளநிலைப் படிப்பும், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலையும் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக்குப் பின் விருத்தாசலத்தில் படிக்கும் செராமிக் டிப்ளமோ தொழில்நுட்பப் படிப்பு. கலைப் படிப்பாக எண்ணிச் சேரவேண்டாம். கலைக் கல்லூரிகளும் என்ஐடியும் சேர்க்கையின்போது வரையும் திறனையும் பார்க்கின்றன. ஆகவே மண் காயும் நாள்களில் மகள் தினம் ஒரு பக்கமாவது ஸ்கெட்ச் போடட்டும்.