ஒரு பாலத்தைப் பாக்கறதுக்குன்னு ஈரான்ல இருக்கற இஸ்பஹான் வரைக்கும் போகணுமா? காஜூ பாலத்துல அப்படி என்ன இருக்கு?

போலாம், ஆனா தண்ணி ஓடும்னு நம்பிப் போகாதீங்க. நான் போனப்ப ஆத்துல ஒரு சொட்டு இல்ல, பசங்க நடு ஆத்துல ஃபுட்பால் ஆடிட்டிருந்தாங்க. போட்டோவுல பாத்த நீலத் தண்ணியும் அதுல விழுற விளக்கு வெளிச்சமும் மனசுல வெச்சிட்டுப் போன எனக்கு, மொதல்ல டாக்ஸிக்காரர் தப்பான எடத்துல எறக்கிட்டாரோன்னு தான் தோணிச்சு.

ஆத்துப் பேரு ஜாயந்தே ரூத், உயிர் குடுக்கற ஆறுன்னு அர்த்தமாம். ஜாக்ரோஸ் மலைல பொறந்து, இஸ்பஹானைத் தாண்டி காவ்கூனிங்கற சதுப்புல போய் முடியற ஆறு, கடலுக்கே போகாது. மேல விவசாயத்துக்கும் தோட்டத்துக்கும் எடுக்கறாங்க, இரும்பு ஆலைக்குப் போகுது, பக்கத்து யஸ்து மாகாணத்துக்குக் குழாய்ல போகுது, மழையும் கொறஞ்சு போச்சு, அப்புறம் கீழ இருக்கறவனுக்கு என்ன மிஞ்சும். 2021 நவம்பர்ல விவசாயிங்க இந்தப் பாலத்துகிட்டயே காஞ்ச ஆத்துக்குள்ள கூடாரம் போட்டு உக்காந்து போராடினாங்க. இப்பவும் எப்பயாவது அணையத் தொறந்து விட்டா ஊரே கெளம்பி கரைக்கு வந்துடுமாம், கல்யாண வீடு மாதிரி.

சரி பாலத்துக்கு வரேன். 1650 வாக்குல பாரசீக ராஜா ரெண்டாம் ஷா அப்பாஸ் கட்டினது, சுமார் 130 மீட்டர் நீளம், 23 வளைவு. கேட்டா பெருசா ஒண்ணும் இல்லாத மாதிரி தான் இருக்கும். இது வெறும் பாலம் இல்ல, அணையும் கூட. தூண்களுக்கு நடுவுல தண்ணி போற வழிய மதகுப் பலகையால அடைச்சா மேல்பக்கம் தண்ணி ஏறி ஏரி மாதிரி நிக்கும், ரெண்டு கரைத் தோட்டத்துக்கும் அது தான் பாசனம், மதகைத் தொறந்தா கீழ்ப்பக்கம் கல் படிக்கட்டு மேல தண்ணி விழுந்து ஓடும். நடுவுல எட்டுப் பட்டைல ஒரு மண்டபம், ராஜா உக்காந்து வேடிக்க பாக்கறதுக்கு. அதாவது கடந்து போறதுக்கு மட்டும் கட்டல, உக்காந்து பொழுது போக்கறதுக்கும் சேத்து தான் கட்டியிருக்கான். 370 வருஷமா ஜனங்க அதத் தான் பண்றாங்க.

பகல்ல போகாதீங்க, சாயங்காலமா போங்க. கீழ்த்தளத்து வளைவுக்குள்ள வயசானவங்க ஒவ்வொருத்தரா வந்து நின்னு பாடுவாங்க. மைக்கு கெடையாது, மேடை கெடையாது, கூலிக்குப் பாடறவங்களும் கெடையாது. நான் போன அன்னைக்கு பழைய கோட்டு போட்ட ஒரு தாத்தா செவுத்துல கைய வெச்சு, கண்ண மூடி, தொண்டைலயே குரலை உருட்டி உருட்டி இழுத்தாரு பாருங்க, அந்தச் செங்கல் வளைவு அத வாங்கித் திருப்பிக் குடுக்குது, நாலு பேர் சேந்து பாடற மாதிரி. ஒரு வார்த்தை புரியல, ஆனா முடிஞ்சதும் சுத்தி நின்னவங்க ஒரு மாதிரி முனகினாங்க, நம்ம சபால "ஆஹா"ங்கறோமே அதே தான். பக்கத்துல இருந்தவர் பிளாஸ்க்ல இருந்து டீ ஊத்திக் குடுத்தாரு, சக்கரைக் கட்டிய டீல போடாம பல்லுல கடிச்சுட்டு குடிக்கணும்னு ஜாடைல சொல்லிக் குடுத்தாரு, காசு குடுக்கப் போய் திட்டு வாங்கினேன். (காசுன்னதும் ஞாபகம் வருது, நோட்டுல ரியால்னு இருக்கும், வாயால துமான்னு சொல்வாங்க, ஒரு துமான்னா பத்து ரியால், ஒரு சைபர் வித்தியாசம். மொத நாள் நான் ரியால்ல இருந்த விலைய துமான்னு நெனச்சு பத்து மடங்கு குடுத்து, கடைக்காரரே திருப்பிக் குடுத்தாரு.)

ரெண்டு முனையிலயும் கல் சிங்கம் இருக்கு. கரைலயே கொஞ்சம் தள்ளி ஆர்தர் போப்னு பாரசீகக் கலையவே படிச்சு எழுதின ஒரு அமெரிக்கரோட கல்லறை, 1969ல செத்தாரு, மனைவியும் அங்க தான். இந்த ஊர்லயே பொதைங்கன்னு கேட்டு வாங்கின எடம்னு சொல்வாங்க.

நேரம் இருந்தா ஆத்தோரமா மேக்கால நடந்து சியோ சே போல்ங்கற பாலத்தையும் பாருங்க, 33 வளைவு, மொதலாம் ஷா அப்பாஸ் காலத்தோடது. நீளத்துல அது தான் பெருசு, ஆனா எனக்கு காஜூ தான். அதத் தாண்டி தெக்கால போனா நியூ ஜுல்ஃபா, ஆர்மீனியர்கள் ஊரு. அங்க ஒரு ஆச்சரியம் காத்திருந்துச்சு. நான் சைதாப்பேட்டைக்காரன். அடையாத்துக்குக் குறுக்க 1726ல சொந்தக் காசுல பாலம் கட்டின கோஜா பெட்ரூஸ் உஸ்கான் இந்த ஜுல்ஃபா ஆர்மீனியர் தான்! மர்மலாங் பாலம்னு பேரு, இப்ப அங்க மறைமலையடிகள் பாலம் நிக்குது. செத்ததுக்கப்புறம் தன்னோட இதயத்த மட்டும் ஜுல்ஃபாவுக்கு அனுப்பச் சொன்னாருன்னு வரலாறு. பழைய கல்வெட்டு இன்னும் சைதாப்பேட்டைப் பக்கம் இருக்கு, அதுல பாரசீகத்துலயும் எழுதியிருக்கு. ஸ்கூலுக்குப் போறப்ப தெனம் அந்த வழியா தான் பஸ்ல போனேன், ஒரு நாள் கூட எறங்கிப் பாத்ததில்ல.