கேள்விப் பெட்டி: இன்வைட் வந்தால்தான் வாசல் திறக்குமா?

கே: புது ஆப் எது வந்தாலும் ‘இன்வைட் உள்ளவர்களுக்கு மட்டும்’ என்கிறார்கள். வேண்டுமென்றே ஆசை காட்டுகிறார்களா? டெலிகிராமில் ஒருவர் 500 ரூபாய்க்கு இன்வைட் கோடு தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், தக்கலை

ப: பாதி ஆசை காட்டல், பாதி இயலாமை. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1-ல் வந்தபோது மற்ற இலவச மெயில்கள் 2 எம்.பி., 4 எம்.பி. என்று அளந்து கொடுத்தன. ஜிமெயில் 1 ஜி.பி. தந்தது. அதை ஓட்டக் கையில் இருந்தவையோ யாரும் சீண்டாத சுமார் 300 பழைய பென்டியம் 3 கணினிகள். கூட்டத்தை உள்ளே விட்டால் படுத்துவிடும். அதனால் ஆயிரம் பேர் அளவில் தொடங்கி, உள்ளே வந்தவர்கள் மூலமாகவே மற்றவர்களைச் சேர்த்தார்கள். அந்த இன்வைட்டுகள் இணையத்தில் ஏலம் போயின. 2007 பிப்ரவரியில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தபோது, ஏலத்தில் எடுத்தவர் நிலையை யோசித்துப் பாருங்கள்!

ஒன்பிளஸ் 2014-ல் போனையே இன்வைட் வைத்து விற்றது. விற்காத சரக்கில் பணம் முடங்கக்கூடாது என்பது அங்கே கணக்கு. 2016-ல் ஒன்பிளஸ் 3 வந்ததும் கைவிட்டது. குரல் அரட்டை ஆப் கிளப்ஹவுஸ் 2021 ஜூலையிலும் சமூக வலைத்தளம் ப்ளூஸ்கை 2024 பிப்ரவரியிலும் இன்வைட்டை எடுத்துவிட்டன. இன்வைட் கோடு பெரும்பாலும் ஒருமுறைதான் செல்லும். ஒரே கோடைப் பத்துப் பேருக்கு விற்றுவிட்டு அந்த டெலிகிராம்காரர் கிளம்பிவிடுவார். 500 ரூபாயைப் பையிலேயே வையுங்கள்.

கே: பெங்களூரு டெவலப்பர் நிகழ்ச்சிகளுக்கு மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் வெயிட்லிஸ்ட். சின்ன ஊர்க் கல்லூரி என்பதால் ஒதுக்குகிறார்களா?
– பி.எஸ்சி. மாணவி, குலசேகரம்

ப: பெரிய கம்பெனிகளின் அறிமுக விழா வேறு, நீங்கள் கேட்பது வேறு. முன்னதில் நாற்காலிகள் பத்திரிகையாளர்களுக்கும் விமர்சகர்களுக்கும் கூட்டாளி நிறுவனங்களுக்கும். அதை யூடியூபில் நேரலையாகப் பார்த்தால் போதும். அந்த அரங்கில் யாரும் வேலை தருவதில்லை. வேலைக்கு ஆகும் அறிமுகம் கிடைப்பது கூகுள் டெவலப்பர் குழுக்களின் டெவ்ஃபெஸ்ட், பைத்தான் மொழிக்கான பைகான் இந்தியா, ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கான இந்தியாஃபாஸ் போன்ற இடங்களில்.

இடம் குறைவாக இருக்கும்போது, படிவத்தில் ‘ஏன் வர விரும்புகிறீர்கள்?’ என்ற கட்டம்தான் பெரும்பாலும் ஆளைப் பிரிக்கிறது. ‘புதிய தொழில்நுட்பங்களைக் கற்க ஆர்வமாக உள்ளேன்’ என்று எழுதினால் கூட்டத்தில் கரைந்துவிடுவீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ரப்பர் வாரியத் தளத்திலிருந்து ஆர்.எஸ்.எஸ்.4 ரக ரப்பர் ஷீட் விலையைத் தினமும் எடுத்து, ஊர்க்காரர்களுக்கு டெலிகிராமில் அனுப்பும் பாட் எழுதியிருக்கிறேன். தளத்தின் அமைப்பு மாறினால் உடைந்துவிடுகிறது. அதைக் கையாளும் முறையைக் கேட்க வருகிறேன்.’ கீழே கிட்ஹப் (எழுதிய புரோகிராம்களைப் போட்டு வைக்கும் தளம்) இணைப்பு. எழுதுவதற்கு முன் அந்த பாட், அதாவது தானாக இயங்கும் அந்தச் சின்ன புரோகிராம், உண்மையிலேயே ஓட வேண்டும், அது முக்கியம்.

இணைப்பைத் திறப்பவர் அதிக நேரம் செலவிட மாட்டார். கிட்ஹப் முகப்பில் 6 ரெபோ (புரோகிராம் தொகுப்பு) வரை பின் செய்யலாம். சொந்தமாக எழுதியது இரண்டு இருந்தால் இரண்டை மட்டும் வையுங்கள். மற்றவரிடமிருந்து ஃபோர்க் செய்த (நகலெடுத்த) இருபதை அடுக்கினால் உங்கள் வேலை எது என்றே தெரியாது. ரீட்மீ என்ற விளக்கக் குறிப்பில் இது என்ன செய்யும், எப்படி ஓட்டுவது, எங்கே உடையும் என்ற மூன்றும், ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் போதும்.

பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: பாட்டை இயக்கும் ரகசியச் சாவியான டோக்கனை புரோகிராமுக்குள்ளேயே எழுதி, பொது ரெபோவில் ஏற்றிவிடுவது. பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிவில்) அது அப்படியே கிடக்கும். டெலிகிராம் பாட்களை நிர்வகிக்கும் பாட்ஃபாதரில் ரிவோக் (ரத்து) கொடுத்துப் புது டோக்கன் வாங்குங்கள். அதை டாட் என்வி (.env) என்ற தனி ஃபைலில் வைத்து, அந்த ஃபைல் பெயரை, ஏற்றக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் (.gitignore) சேர்த்துவிடுங்கள்.

வெயிட்லிஸ்ட் என்றால் கதை முடியவில்லை. வருவதாகச் சொன்னவர்களில் சிலர் கடைசி நேரத்தில் விலகுவார்கள்; அப்போது வரும் மெயில் ஜிமெயிலின் புரமோஷன்ஸ் பகுதியிலோ ஸ்பேமிலோ போய் விழக்கூடும். குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். நாகர்கோவிலிலிருந்து பெங்களூருக்கு இரவு ரயில் இருக்கிறது. அழைப்பு உறுதியான பிறகே டிக்கெட் போடுங்கள். தன்னார்வலராகக் கேட்டுப் பார்ப்பதும் நல்ல வழி. நாற்காலி அடுக்கினாலும் பேச்சாளர்களோடு நின்று பேசலாம்.

கே: திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை கிடைத்தால் தினமும் போய் வர முடியுமா? மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாது.
– டிப்ளமோ முடித்தவர், குழித்துறை

ப: பகல் ஷிப்ட் என்றால் முடியும். கழக்கூட்டத்தில் இறங்கினால் பக்கம்தான். இரவு ஷிப்ட் என்றால் திரும்பி வர ரயில் கிடைப்பது சிரமம், அங்கேயே அறை எடுக்க வேண்டியிருக்கும். வேலை மொழி ஆங்கிலம். பேச்சு மலையாளம் குழித்துறைக்காரருக்கு யார் சொல்லித் தர வேண்டும்? டெக்னோபார்க் தளத்திலேயே கம்பெனி வாரியாக வேலை அறிவிப்புகள் வரும். கடைசித் தேதியைப் பார்த்து, அதில் சொன்ன மெயிலுக்கே அனுப்புங்கள்.

கே: மவனுக்கு ஐ.டி. கம்பெனியில ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. லேப்டாப்புக்கு டெபாசிட் 12,500 ரூபா இன்னிக்கே கட்டணும்னு கேக்காங்க. கட்டலாமா?
– ஒரு தாய், கருங்கல்

ப: கட்டாதீங்கம்மா. உண்மையான கம்பெனி லேப்டாப்பை அதுவே தரும், டெபாசிட் கேட்காது. கடிதத்தில் 21 எழுத்து-எண் கொண்ட கம்பெனிப் பதிவு எண் இருந்தாலும் நம்ப வேண்டாம். அதை உண்மையான கம்பெனியிடமிருந்தே நகலெடுத்துப் போடுகிறார்கள். அனுப்பியவரின் மெயில் முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வருவது கம்பெனித் தளத்தின் பெயரேதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்கு மகனே போன் செய்து கேட்கட்டும். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு வேண்டாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். யு.பி.ஐ. பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.