அமெரிக்க உணவு முத்திரைக்குத் தனிச் சட்டம் உண்டா? நம் சாராவுக்கு?

பட்டர்வொர்த் மளிகைக் கடையில் மைகார்டு அடையாள அட்டையைக் கொடுத்து, மலேசிய அரசின் சாரா உதவித் திட்டத்தில் அரிசி வாங்கும்போது இந்தக் கேள்வி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி.

அமெரிக்காவில், ஏழைகள் உணவு வாங்க அரசு தரும் உணவு முத்திரைக்குத் தனிச் சட்டம் உண்டு. ஆனால் சட்டத்துக்கு முன்பே திட்டம் வந்துவிட்டது. 1939இல் ரோசெஸ்டர் நகரில் தொடங்கினார்கள். 1 டாலருக்கு ஆரஞ்சு முத்திரை வாங்கினால், 50 சென்ட் மதிப்புள்ள நீல முத்திரை இலவசம். நீலத்தைக் கொடுத்து உபரி விளைபொருள்களை மட்டுமே வாங்கலாம். விவசாயியிடம் தேங்கியதும் தீரும், ஏழை வீடும் பசியாறும். 1943இல் அது நின்றுபோனது.

அப்புறம் 1961இல் அதிபர் கென்னடி சோதனை முறையில் மீண்டும் தொடங்கினார். 1964 ஆகஸ்டு 31 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட, அது உணவு முத்திரைச் சட்டமானது. அப்போதும் பெரும்பாலான குடும்பங்கள் முன்பணம் கட்டித்தான் முத்திரை பெற வேண்டும். கையில் காசே இல்லாத தாய் எதைக் கட்டுவாள்? 1977 சட்டம்தான் அந்த நிபந்தனையை நீக்கியது. இந்த வரலாற்றிலேயே பெரிய திருப்பம் அதுதான் என்பேன். 2008இல் திட்டத்தின் பெயர் ஸ்நாப் (SNAP) என மாறியது.

சரி, நம் நாடு? 2012இல் பிரிம் என்ற ரொக்க உதவி வந்தது முதல் இன்றைய சாரா வரை எல்லாம் அரசின் அறிவிப்பாகத்தான் வந்திருக்கின்றன. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் 100 ரிங்கிட் சாரா உதவி கிடைத்ததும், 2025 ஜூலையில் பிரதமர் வெளியிட்ட சிறப்பு அறிவிப்பால்தான். அறிவிப்பை அடுத்த ஆண்டே மாற்றலாம். சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் போக வேண்டும். இந்தியா 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, மானிய விலை அரிசியைச் சட்டப்படியான உரிமை ஆக்கியது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.