மராட்டி வீட்டு விசேஷத்துக்குப் போறோம், என்ன செய்யணும்? கேள்வி பதில்

31 வருஷமா மும்பை செம்பூர்ல இருக்கேன். சொந்த ஊர் திருநெல்வேலி. பொண்ணைத் தானேயில ஒரு மராட்டிக் குடும்பத்துல கொடுத்திருக்கேன். எனக்குத் தெரிஞ்சது அவங்க வீட்டு வழக்கமும், எங்க பில்டிங் வழக்கமும்தான். பஞ்சாபி, குஜராத்தி வீட்டு விசேஷமெல்லாம் என்னைக் கேட்காதீங்க. கேள்விக்கு முன்னால இருக்கிறது கேட்டவங்க ஏரியா பேர்.

பாண்டுப்: அக்கா, எதிர் ஃபிளாட்ல கணபதி வைக்கிறாங்க, வரச் சொல்லியிருக்காங்க. எப்பப் போறது, என்ன கொண்டு போறது?

முதல்ல எத்தனை நாள் பிள்ளையார்னு கேளுங்க. ஒன்றரை நாள், 5 நாள், 7 நாள், அனந்த சதுர்த்தசி வரைக்கும்னு வீட்டுக்கு வீடு மாறும். ஒன்றரை நாள் வீட்டுக்கு நான் மூணாம் நாள் பூ வாங்கிட்டுப் போனேன். வெறும் பலகைதான் இருந்துச்சு. அந்த அம்மா சிரிச்சுட்டு டீ போட்டுக் கொடுத்தாங்க.

சாயங்கால ஆரத்திக்குப் போங்க. அருகம்புல்லும் செம்பருத்தியும் போதும், இல்லன்னா கால் கிலோ பேடா. ஆரத்தி ஒரு பாட்டோட முடியாது, ஒண்ணு முடிஞ்சா அடுத்தது ஆரம்பிக்கும். பாடத் தெரியலைன்னா கை தட்டுங்க, உட்காரக் கூடாது. அப்புறம் ஆவியில வெந்த மோதக் வரும். மூக்கைக் கிள்ளி உள்ள நெய் விட்டுத் தருவாங்க. நம்ம பூரணக் கொழுக்கட்டைதான், ஆனா அந்த மடிப்பு நமக்கு வராது. டப்பாவுல கொடுத்தனுப்பினா காலி டப்பாவாத் திருப்பிக் கொடுக்காதீங்க.

நெருல்: சங்கராந்திக்கு ஹல்தி குங்குவாம், பெண்களைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் கொடுக்கிற விசேஷம். கறுப்புப் புடவை கட்டிட்டு வரச் சொல்றாங்க. மாமியார் வேண்டவே வேண்டாம்ங்கிறாங்க.

கட்டுங்கம்மா. வருஷம் முழுக்க நல்ல காரியத்துக்குக் கறுப்பை ஒதுக்குறவங்கதான் அவங்களும். சங்கராந்திக்கு மட்டும் விலக்கு. குளிர்காலம், கறுப்பு சூட்டைப் பிடிச்சு வைக்கும்னு காரணம் சொல்வாங்க.

சங்கராந்தியிலேருந்து ரத சப்தமி வரைக்கும் எந்த நாள் வேணாலும் கூப்பிடுவாங்க. மஞ்சள் குங்குமம் வெச்சு, எள்ளுருண்டையைக் கையில கொடுத்து, "தில்குள் க்யா, கோட் கோட் போலா"ன்னு சொல்வாங்க. எள்ளும் வெல்லமும் வாங்கிக்கோ, இனிமையாப் பேசுன்னு அர்த்தம். 'வாண்'னு ஒரு சாமானும் தருவாங்க, டீ வடிகட்டியோ சின்ன டப்பாவோ. "இதெல்லாம் எதுக்கு"ன்னு கையைப் பின்னால இழுக்காதீங்க, வாங்கிக்கணும். 'ஓட்டி', அதாவது மடி, நிரப்ப வந்தா முந்தானையை விரிச்சுப் பிடிங்க. அரிசி, தேங்காய், ரவிக்கைத் துணி விழும்.

சயான்: அதே ஹல்தி குங்குவுக்கு எங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாமா? அப்பா போய் 2 வருஷம் ஆகுது.

மறைக்காமச் சொல்றேன். சம்பிரதாயமா அது சுமங்கலிகளுக்கான விசேஷம். இப்ப எல்லாப் பெண்களையும் கூப்பிடுற வீடுகள் இருக்கு, கூப்பிடாத வீடுகளும் இருக்கு. முந்தின நாளே கூப்பிட்டவங்களுக்கு ஃபோன் போட்டு நேராக் கேளுங்க: "அம்மாவும் வர்றாங்க, குங்குமம் கொடுப்பீங்கதானே?" பதில்ல இழுவை இருந்தா நீங்களும் போக வேண்டாம். வரிசையில தட்டு அம்மாவைத் தாண்டிப் போறதை உட்கார்ந்து பார்க்கணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்து?

என் சம்பந்தி அம்மாவோட தங்கச்சி புருஷன் இறந்த வருஷம், எல்லாருக்கும் வெச்சுட்டு வந்தவங்க தங்கச்சி முன்னால நின்னு "லாவூ கா?"ன்னு கேட்டாங்க. வைக்கட்டுமான்னு. தங்கச்சி நெத்தியை நீட்டுச்சு. அந்த வருஷத்துலேருந்து அவங்க வீட்ல யாரையும் தாண்டுறதில்லை.

அந்தேரி: கறுப்புப் புடவை கட்டலாமா?

நெருலுக்குச் சொன்னதுதான்.

காட்கோபர்: கல்யாணப் பத்திரிகையில 'ஆஹேர்' கொண்டு வராதீங்கன்னு போட்டிருக்கு. அப்படின்னா?

மொய், பரிசு எதுவும் வேண்டாம்னு அர்த்தம். நேரத்துக்குப் போங்க, அது போதும். பொண்ணு மாப்பிள்ளை நடுவுல திரையைப் பிடிச்சு மங்களாஷ்டகம் பாடுவாங்க. ஒவ்வொரு பாட்டும் "சாவதான்"னு முடியுறப்பத்தான் அட்சதை. முதல் பாட்டுலயே கையில இருக்கிறதையெல்லாம் போட்டுட்டு முழிக்காதீங்க.

தாராவி: அக்கா, நான் மதுரைக்காரன். வேண்டாம்னு போடுறது ஒரு மரியாதைக்கு. கை வீசிட்டுப் போய்ச் சாப்பிட்டு வர்றதா?

ஆமா தம்பி, அப்படித்தான். அவங்க எழுதினதை நம்புங்க.

தாராவி: 500 ரூபாய் கவர்ல வெச்சு மாப்பிள்ளை பாக்கெட்ல செருகிட்டா?

அவங்க அப்பா உங்க பின்னாலயே ஓடி வருவார். சாப்பாட்டுப் பந்தி நடுவுல அது தேவையா?

முலுண்ட்: நானும் மதுரைதான். அவர் சொல்றது சரி. வாங்கினதைத் திருப்பிச் செய்யாம ஒரு உறவா?

சரி, இதைக் கேளுங்க ரெண்டு பேரும். எம்பொண்ணு கல்யாணத்துல எங்க அண்ணன் ஊர்லேருந்து வந்து, தானே ஹால் வாசல்ல மேஜை போட்டு, மஞ்சள் தடவின 80 பக்க நோட்டோட உட்கார்ந்துட்டார். சம்பந்தி என்கிட்ட வந்து, "வாசல்ல யாரோ கணக்கு எழுதுறாரே, ஹால்காரங்களா?"ன்னு கேட்டார். நான் போய் நிறுத்துறதுக்குள்ள, மாப்பிள்ளையோட பாட்டி ஏதோ கோயில் நன்கொடைன்னு நினைச்சு 51 ரூபாய் கொடுத்துட்டாங்க. அண்ணனும் பேர் கேட்டு எழுதிட்டார். அந்த நோட்டுல ஒரே ஒரு மராட்டிப் பேர்.

தாராவி: அதைத் திருப்பிச் செஞ்சீங்களா இல்லையா?

விட மாட்டீங்களே. சொல்றேன், இருங்க.

வாஷி: பஞ்சாபி ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு என்ன போடணும்?

மேல முதல் பத்தி.

டோம்பிவலி: குழந்தைக்குப் பேர் வைக்கிற 'பார்சே'வுக்குப் போறேன்.

சின்னதா ஒரு சட்டை. குழந்தையைத் தொட்டிலுக்கு மேலயும் கீழயும் கை மாத்துவாங்க, பதறாதீங்க.

செம்பூர்: கிளம்பறப்ப என்ன சொல்லணும்?

நல்ல கேள்வி. "ஜாதே"ன்னு சொல்லாதீங்க. "யேதே"ன்னு சொல்லணும், ஆம்பளைன்னா "யேதோ". வர்றேன்னு அர்த்தம். 'போறேன்'னு சொன்னா நம்ம பாட்டி திட்டுவாங்களே, அதேதான்.

கல்யாண்: டப்பாவுல என்ன போட்டுக் கொடுக்கிறது?

ரெண்டு முறுக்கு. சர்க்கரை. எதுவானாலும். காலியா மட்டும் வேண்டாம்.

மலாட்: சங்கராந்திக்குக் கறுப்பு...

நெருல்! நெருல்!

தாராவி: அக்கா, பாட்டியோட 51 ரூபாய்.

அந்தப் பாட்டிக்கு 80 தாண்டினதும் சகஸ்ரசந்திரதர்சனம் பண்ணினாங்க, நம்ம சதாபிஷேகம் மாதிரி. அங்கயும் ஆஹேர் வேண்டாம்னுதான் போட்டிருந்தாங்க. ஆனா அண்ணன் ஊர்லேருந்து ஃபோன் போட்டு, "101 எழுதிரு, விட்டுராத"ன்னார். பயந்துகிட்டே கவரைப் பாட்டி கையில வெச்சேன். அங்கயே பிரிச்சு எண்ணினாங்க. எண்ணிட்டு எம்பொண்ணைப் பார்த்து, "அந்த நோட்டுல என் பேரை அடிச்சாச்சா?"ன்னு கேட்டாங்க.

தாராவி: பாத்தீங்களா!

தம்பி, அடுப்புல பால் இருக்கு. யேதே.