லிஸ்பனில் ஒரு சனிக்கிழமை

கேள்வி: தனியாகப் பயணம் செய்யும்போது ஒரு பழைய ஐரோப்பிய நகரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால், அதை எப்படிச் செலவிடுவீர்கள்?

எனக்கு அப்படிக் கிடைத்த ஊர் லிஸ்பன். அலுவலக வேலையாகப் போயிருந்தேன். வேலை வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது, ஊர் திரும்பும் விமானம் ஞாயிறு காலை. நடுவில் ஒரு சனிக்கிழமை முழுக்க என்னுடையது.

‘கட்டாயம் பார்க்க வேண்டியவை’ என்று எல்லோரும் சொல்லும் இடங்களை முந்தின இரவு வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கும் பெலேம் மேற்கே வெகு தள்ளி இருக்கிறது, கோட்டை கிழக்கே குன்றின்மேல். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வர நினைத்தால் நாள் முழுதும் வரிசையிலேயே கழிந்துவிடும். அதனால் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்று முடிவு செய்தேன்: 1755 நவம்பர் 1 அன்று இந்த ஊரைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம். நான் கட்டடப் பொறியாளர். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானம் பற்றிப் படித்த நாளிலிருந்தே லிஸ்பன் என்ற பெயர் மனதில் இருந்தது.

காலை எட்டு மணிக்கு தேஜு ஆற்றங்கரையில் இருக்கும் பிராசா தூ கொமெர்சியு சதுக்கத்தில் இருந்தேன். மூன்று பக்கம் மஞ்சள் கட்டடங்கள், நான்காவது பக்கம் ஆறு, நடுவே குதிரைமேல் அரசர் முதலாம் ஜோசே. உள்ளூர்க்காரர்கள் இன்னும் இதை ‘அரண்மனை முற்றம்’ என்ற பழைய பெயரால்தான் சொல்கிறார்கள். அரண்மனை இப்போது இல்லை. நிலநடுக்கம் வந்த அன்று அனைத்துப் புனிதர்கள் திருநாள், தேவாலயங்கள் நிரம்பியிருந்தன, பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. காலை ஒன்பதரை மணிக்கு மேல் நிலம் ஆடியது. இடிபாடுகளுக்குத் தப்பியவர்கள் வெட்டவெளி என்று நம்பி ஆற்றங்கரைக்கு ஓடிவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஆற்றின் வழியே ஆழிப்பேரலை ஏறி வந்தது. மேட்டில் விழுந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் பற்றவைத்த தீ நாள்கணக்கில் எரிந்தது. அரசகுடும்பம் அன்று பெலேமில் இருந்ததால் பிழைத்தது. அதற்குப் பிறகு அந்த அரசர் கல் கட்டடத்துக்குள் குடியிருக்கவே பயந்து கூடாரத்திலும் மரவீட்டிலும் வாழ்ந்தார். ஆற்றுக்குள் இறங்கும் படிகளில் காபியோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் மிக அமைதியாக இருந்தது.

அங்கிருந்து பின்பக்கம் போனால் பைஷா, அதாவது தாழ்வான பகுதி. பிற்காலத்தில் பொம்பால் பிரபு ஆன அமைச்சரின் பொறுப்பில், ராணுவப் பொறியாளர்கள் கட்டம் போட்ட மாதிரி நேர்த்தெருக்களாக மீண்டும் எழுப்பியது. பலர் இதைக் கடைத்தெரு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் லிஸ்பனிலேயே முக்கியமான இடம். இந்தச் சாதாரண நான்கு மாடி வீடுகளின் சுவருக்குள் ஒரு மரக்கூடு இருக்கிறது. போர்த்துகீசியத்தில் அதற்கு ‘கய்யோலா’ என்று பெயர், பறவைக்கூண்டு என்று பொருள். நேர்க்கட்டைகளுக்கு நடுவே பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டங்கள், இடைவெளிகளில் கல்லும் சுண்ணாம்பும். நிலம் ஆடும்போது கல் உதிர்ந்தாலும் கூடு வளைந்து கொடுத்து மாடிகளைத் தாங்கும். மாதிரி ஒன்றைக் கட்டி, சுற்றிலும் சிப்பாய்களை நடக்கவைத்து அதிர்வைச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். ஒரு சிறிய கடையில் உள்சுவரின் பூச்சை எடுத்துவிட்டு அந்தச் சட்டங்களைத் தெரியும்படி விட்டிருந்தார்கள். கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றும் இல்லை. அவ்வளவு பெரிய சாவுக்குப் பிறகு யாரோ உட்கார்ந்து, அடுத்த முறை பிழைக்க வேண்டியவர்களுக்காக இதை வரைந்திருக்கிறார்கள்.

இங்கே தெருப் பெயர்கள் தொழில்களின் பெயர்கள். தங்கத் தெரு, வெள்ளித் தெரு, அப்புறம் ருவா துஷ் சப்பாதெய்ருஷ், செருப்புத் தைப்பவர்கள் தெரு. ஈழத்தில் இன்றும் சப்பாத்து என்கிறோமே, அதே சொல். சன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் இந்த மொழியிலிருந்து நம் வீட்டுக்குள் வந்தவை. நம் மொழியும் இங்கே வந்திருக்கிறது: 1554-இலேயே ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட ஒரு மறைக்கல்வி நூல் லிஸ்பனில் வெளியானது.

ருவா துஷ் கொரெயெய்ருஷ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அடியில் தொல்லியல் இடம் ஒன்று இருக்கிறது. நான் போனபோது கட்டணம் இல்லை, வழிகாட்டியே அழைத்துப்போனார். ரோமானியர்கள் மீனை உப்பில் ஊறவைத்த தொட்டிகளுக்குப் பக்கத்தில், பொம்பால் காலத்துக் கட்டடத்தைத் தாங்கும் பைன் மரக்கட்டைகள் ஈர மண்ணில் அடித்தபடியே நிற்கின்றன. தண்ணீருக்குள் இருக்கும்வரை மரம் மக்காது. இதை நேரில் பார்த்தது இதுவே முதல் முறை.

மதியத்துக்குக் கார்மு மடம். 1389-இல் தொடங்கிய கட்டடம். கூரை விழுந்த பிறகு முழுதாகச் சீரமைக்கவில்லை. தூண்களும் வளைவுகளும் மட்டும் நிற்க, கூரை இருந்த இடத்தில் வானம். மீன் முள்ளைச் சாப்பிட்டு வைத்ததுபோல இருக்கும் என்று யாரோ சொன்னது சரிதான். ஒன்றேகால் மணி நேரம் இருந்தேன். யாரோடாவது வந்திருந்தால் பதினைந்து நிமிடத்தில் கிளம்பியிருப்போம். வெயில் நகர நகர வளைவின் நிழல் புல்மேல் இடம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இது திறக்காது, நாளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனியுங்கள்.

கீழே இறங்கி சாவ் தொமிங்குஷ் தேவாலயத்துக்குள் போனேன். 1755-க்குத் தப்பிய மிச்சத்தைத் திரும்பக் கட்டினார்கள், 1959-இல் அதுவும் எரிந்தது. தீயில் வெடித்த தூண்களை அப்படியே விட்டு, கூரையை மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். வாசலில் 1506-இல் இங்கே கொல்லப்பட்ட யூதர்களுக்கு ஒரு நினைவுக்கல். ஒரு பாட்டி கரிந்த தூணுக்குப் பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

பெண் தனியாகப் போகலாமா என்று கேட்பீர்கள். எனக்குப் பயம் வரவில்லை. கூட்டமான 28-ஆம் எண் டிராமில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது என்னைப்போல நடந்துவிடுங்கள். தரையெல்லாம் வழவழப்பான சின்னக் கற்கள், நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். காய்கறி சூப் என்று கொடுக்கும் கால்து வெர்தெயில் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும், சைவர்கள் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

மாலையில் அல்ஃபாமா. உறுதியான குன்றின்மேல் இருப்பதால் பெரும்பாலும் பிழைத்த பழைய ஊர், குறுகிய படிக்கட்டுச் சந்துகள். மேலே சாந்தா லுசியா தேவாலயத்தின் வெளிச்சுவரில் நீலமும் வெள்ளையுமாக ஒரு பீங்கான் ஓட்டுப் படம் இருக்கிறது. நிலநடுக்கத்துக்கு முந்தைய ஆற்றங்கரைச் சதுக்கம். படத்தில் அரண்மனை இருக்கிறது, அதன் கோபுரம் இருக்கிறது, கப்பல்கள் நிற்கின்றன, மக்கள் நடமாடுகிறார்கள். காலையில் நான் உட்கார்ந்திருந்த இடம் அதில் எங்கே வரும் என்று விரலால் தேடினேன். தோராயமாக ஒரு படகுக்குப் பக்கத்தில்.